எலும்புக்கூடு தானாக நிற்பதில்லை

அருங்காட்சியகத்தில் நிற்கும் எலும்புக்கூட்டை அருகே போய்ப் பார்த்தால், அதை நிறுத்தி வைத்திருப்பது எலும்பு மட்டுமல்ல என்பது தெரிந்துவிடும். முதுகுத்தண்டை ஒட்டி ஓர் இரும்புத் தண்டு ஓடும். விலா எலும்புகளைக் கம்பிகள் கோத்திருக்கும். மூட்டுகளைத் திருகாணிகள் பிடித்திருக்கும். யானையானாலும் மனிதனானாலும் இதே ஏற்பாடுதான். இவற்றையெல்லாம் கழற்றிவிட்டால் மொத்தமும் சரிந்து தரையில் குவியலாகக் கிடக்கும். உடலைத் தாங்குவதாகப் பெயர் வாங்கிய அமைப்புக்குத் தன்னையே தாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

"எலும்புகள் உடலின் தூண்கள்" என்று பள்ளியில் படித்திருப்போம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விடுவதால்தான் பல கேள்விகள் புதிராகவே நின்றுவிடுகின்றன. எலும்பே இல்லாத மண்புழு கெட்டி மண்ணை எப்படித் துளைக்கிறது? நண்டு ஏன் பத்திரமான தன் ஓட்டைக் கழற்றிப் போடுகிறது? முதுகுவலி என்று போனால் மருத்துவர் ஏன் தசைகளுக்குப் பயிற்சி சொல்கிறார்? இவை எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

தூணும் கூடாரமும்

தூணின் வேலை எளிது. மேலே உள்ள பாரம் கீழ்நோக்கி அழுத்தும்; தூண் அதைத் தரைக்குக் கடத்தும். பாரம் நேர் மேலிருந்து வரும்வரை அதற்கு வேறு துணை தேவையில்லை. உயிருள்ள உடலோ ஒரே நிலையில் நிற்பதில்லை. குனிகிறது, திரும்புகிறது, தாவுகிறது, சில விலங்குகள் தலைகீழாகவும் தொங்குகின்றன. பாரம் வரும் திசை நொடிக்கு நொடி மாறுகிறது. போதாக்குறைக்கு, வளர்ந்த மனிதனின் உடலில் பொதுவாக 206 எலும்புகள். அவற்றில் பெரும்பாலானவை வழுக்கும் மூட்டுகளில் சந்திக்கின்றன. முனைகள் வழுக்கும் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூண் எழுப்ப எந்தக் கொத்தனாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கூடாரத்தை நினைத்துக்கொண்டால் விஷயம் பிடிபடும். நடுவில் ஒரு கம்பம். அதன் உச்சியிலிருந்து நாலா பக்கமும் இழுத்துக் கட்டிய கயிறுகள். கம்பத்தை மட்டும் நட்டுவைத்தால் காற்றடித்ததும் சாயும். கயிறுகள் மட்டும் இருந்தால் தரையில் சுருண்டு கிடக்கும். கயிறுகள் இழுக்க, கம்பம் அந்த இழுப்புக்கு நசுங்காமல் எதிர்த்து நிற்கும்போதுதான் கூடாரம் எழுகிறது. ஒரு பக்கக் கயிற்றைத் தளர்த்தி மறுபக்கத்தை இறுக்கினால் கம்பம் அந்தப் பக்கம் சாயும். நிற்கவைப்பதும் அசையவைப்பதும் அதே கயிறுகள்தான்.

உடலில் கம்பத்தின் இடத்தில் எலும்பு இருக்கிறது. கயிற்றின் இடத்தில் தசை. இந்தக் கட்டுரைக்குத் தேவையான இரண்டு சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு பொருளை இரு முனைகளிலிருந்தும் உள்நோக்கி நெருக்கும் விசை அமுக்குவிசை. இரு முனைகளையும் பிடித்து வெளிநோக்கி இழுப்பது இழுவிசை. எலும்பு முதலாவதைச் சமாளிக்கிறது. தசையும் அதைச் சார்ந்த நார்களும் இரண்டாவதைச் சமாளிக்கின்றன.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வில், இறந்த உடலிலிருந்து எடுத்த முதுகுத்தண்டில் தசைகளை நீக்கிவிட்டு, எலும்புகளையும் அவற்றை இணைக்கும் நார்களையும் இடையே உள்ள டிஸ்குகளையும் மட்டும் விட்டுவைத்து, அடியை இறுகப் பிடித்துக்கொண்டு உச்சியில் எடை ஏற்றினார்கள். சுமார் 2 கிலோ எடைக்கே அது வளைந்து சாய்ந்துவிட்டது. மனிதத் தலையின் எடையே அதைப்போல இரண்டு மடங்கு இருக்கும். முதுகுத்தண்டை நாள் முழுவதும் நிமிர்த்தி வைத்திருப்பவை சுற்றியுள்ள தசைகள். முதுகுவலிக்குத் தசைப்பயிற்சி சொல்வதன் காரணம் இப்போது விளங்கும்.

இன்னும் வலுவான சான்று குதிரை. அதன் நான்கு கால்களும் உடம்பைத் தூண்களாகத் தாங்குவதுபோல்தான் தோன்றும். ஆனால் முன்னங்கால்களுக்கும் உடம்புக்கும் இடையே எலும்பு மூட்டே கிடையாது. குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. தோள்பட்டை எலும்பு எந்த விலா எலும்போடும் இணையவில்லை. இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே மார்புக்கூடு தசைகளால் தூக்கிக் கட்டப்பட்டுத் தொங்குகிறது. உடல் எடையில் பாதிக்கும் மேற்பட்டதை முன்னங்கால்களே சுமக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வியப்பு கூடும். அத்தனை எடையும் எலும்பிலிருந்து எலும்புக்குப் போகாமல் தசை வழியாகவே காலுக்கு இறங்குகிறது. தூண் என்ற சொல்லை இங்கே எப்படிப் பொருத்துவது?

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: எலும்பு நெருக்குதலைத் தாங்குகிறது, தசை இழுக்கிறது, இரண்டும் சேர்ந்தால்தான் உடல் நிற்கும்.

தசைக்குத் தள்ளத் தெரியாது

தசையால் சுருங்க மட்டுமே முடியும். சுருங்கும்போது தன் இரு முனைகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். சுருங்கிய பிறகு, தன் முயற்சியால் அது பழைய நீளத்துக்கு நீள முடியாது. வேறு ஏதாவது அதை இழுத்து நீட்ட வேண்டும். அதனால்தான் தசைகள் எதிரெதிர் அணிகளாக வேலை செய்கின்றன. மேற்கையின் முன்புறத் தசை சுருங்கினால் முழங்கை மடங்கும். பின்புறத் தசை சுருங்கினால் முழங்கை நீளும், முன்புறத் தசையும் பழையபடி நீட்டப்படும்.

தசை நேரடியாக எலும்பில் ஒட்டியிருப்பது குறைவு. இடையே தசைநாண் என்ற உறுதியான நார்க்கற்றை இருக்கிறது. குதிகாலுக்கு மேலே விரல்களால் பிடித்துப் பார்த்தால் கெட்டியாகத் தட்டுப்படுவது அதுதான். எலும்பையும் எலும்பையும் இணைக்கும் நார் வேறு. விளையாட்டுச் செய்திகளில் "லிகமென்ட் கிழிந்தது" என்று படிக்கிறோமே, அது இது. எலும்புகள் சந்திக்கும் முனைகளில் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். மூக்கு நுனியிலும் காது மடலிலும் இருக்கிற வளையும் பொருளின் நெருங்கிய உறவு அது. வழவழப்பானது, இரத்தக் குழாய்கள் இல்லாதது. இரண்டு குருத்தெலும்புப் பரப்புகளுக்கும் இடையே மெல்லிய வழுக்குத் திரவம் இருக்கிறது.

விரல்களில் நெட்டி முறிக்கும்போது கேட்கும் சத்தம் எலும்போடு எலும்பு உரசுவதால் வருவதல்ல. மூட்டு சட்டென்று விரியும்போது இந்தத் திரவத்தில் உருவாகும் வாயுக் குழியோடு தொடர்புடைய சத்தம் அது. அதே விரலில் உடனே மறுபடியும் முறிக்க முடியாமல் போவதும் அதனால்தான்.

இப்போது கொஞ்சம் கணக்கு. கையில் 5 கிலோ எடையை ஏந்தி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி வைத்திருப்பதாகக் கொள்வோம். முழங்கை மூட்டிலிருந்து உள்ளங்கை சுமார் 35 செ.மீ. தொலைவில் இருக்கிறது. மேற்கையின் முன்புறத் தசையோ மூட்டிலிருந்து வெறும் 4, 5 செ.மீ. தள்ளித்தான் முன்கை எலும்பில் பிணைந்திருக்கிறது. நெம்புகோல் விதிப்படி, தொலைவு எத்தனை மடங்கு குறைகிறதோ விசை அத்தனை மடங்கு கூட வேண்டும். ஆக, அந்த 5 கிலோவைத் தூக்கிப் பிடிக்கத் தசை 35 முதல் 40 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது.

இழுப்பு எங்கே போகிறது? மூட்டுக்குத்தான். முன்கை எலும்பு மேற்கை எலும்பின்மீது பல மடங்கு விசையோடு நெருக்கப்படுகிறது. இடுப்பு மூட்டிலும் இதே கதை. சாதாரணமாக நடக்கும்போதே அந்த மூட்டில் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை விழுகிறது. செயற்கை இடுப்பு மூட்டுக்குள் அளவுக்கருவி பொருத்தி நேரடியாக அளந்தே இதை உறுதிசெய்திருக்கிறார்கள். எலும்புகள் சுமக்கும் பாரத்தில் பெரும்பகுதி உடலின் எடை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தசைகள் இழுப்பதால் வரும் பாரம்தான் அதிகம்.

இத்தனை நட்டத்தோடு ஏன் இப்படி ஓர் அமைப்பு என்று கேட்கலாம். தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7, 8 செ.மீ. நகர்கிறது. விசையை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்கிக்கொள்கிறது உடல். ஓடவும் எறியவும் வேண்டிய விலங்குக்கு இது நல்ல வியாபாரம்.

எலும்பு எதனால் ஆனது

"எலும்பு என்றால் கால்சியம்" என்பது அடுத்த பரவலான எண்ணம். எலும்பின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கனிமம். பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த நுண்படிகங்கள். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத இழை. கொஞ்சம் நீரும் உண்டு. கனிமம் நெருக்குதலுக்கு அசையாது, ஆனால் வளைத்தால் நொறுங்கும். கொலாஜன் வளையும், இழுத்தால் தாங்கும், ஆனால் நிமிர்ந்து நிற்காது. இரண்டும் இழையோடிக் கலந்ததால்தான் எலும்பு கெட்டியாகவும் இருக்கிறது, சட்டென்று உடையாமலும் இருக்கிறது.

யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கோழியின் மெல்லிய கால் எலும்பைச் சுத்தம் செய்து, வினிகரில் சில நாட்கள் ஊறவைத்து, இடையிடையே வினிகரை மாற்றினால், அமிலம் கனிமத்தைக் கரைத்துவிடும். மிஞ்சுவது கொலாஜன் மட்டும். பார்வைக்கு அதே எலும்பு. பிடித்து வளைத்தால் ரப்பராக வளையும். நெருப்பில் நன்றாகச் சுட்ட எலும்பு இதற்கு நேர் எதிர். கொலாஜன் எரிந்துபோய்க் கனிமம் மட்டும் நிற்கும். உருவம் மாறாது, விரலால் அழுத்தினால் பொடியாகும்.

இத்தனைக்குப் பிறகும் எலும்பு இழுவிசையைவிட அமுக்குவிசையையே நன்றாகத் தாங்குகிறது. ஓர் எலும்பை வளைத்தால் குழிந்த பக்கம் நெருக்கப்படும், குவிந்த பக்கம் இழுபடும். பெரியவர்களின் கை கால் எலும்பு வளைந்து முறியும்போது விரிசல் பெரும்பாலும் இழுபடும் பக்கத்தில்தான் தொடங்குகிறது. குழந்தைகளின் எலும்பில் கொலாஜனின் பங்கு கூடுதல் என்பதால், பல நேரங்களில் அது முழுதாக முறியாமல் பச்சைக் குச்சி போல ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்கும்.

நீளமான எலும்புகளின் நடுத்தண்டு குழாய் வடிவில் இருக்கிறது. வளைக்கும்போது விசை பெரும்பாலும் வெளி விளிம்புகளில்தான் விழும். நடு மையத்துக்கு வேலையே இல்லை. வேலையில்லாத இடத்தில் எதற்குக் கனமான பொருள்? அந்த வெற்றிடத்தை உடல் மஜ்ஜைக்குக் கொடுத்துவிட்டது. இரத்த அணுக்களைச் செய்யும் சிவப்பு மஜ்ஜை, வளர்ந்த மனிதரில் பெரும்பாலும் இடுப்பு, முதுகு, மார்பு எலும்புகளுக்குள்தான் இருக்கிறது. கை கால்களின் குழாய்களில் பெரும்பகுதி கொழுப்பு மஜ்ஜை.

எலும்பின் முனைகள் வேறு மாதிரி. அங்கே உள்ளே மெல்லிய சிம்புகள் வலைபோல் பின்னியிருக்கும். இதற்குப் பஞ்சு எலும்பு என்று பெயர். பெயரைக் கேட்டு மென்மையானது என்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சிம்புகள் கண்டபடி ஓடுவதும் இல்லை. 1860-களில் ஜூரிச்சில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூற்றியலாளர், நெடுக்காக அறுத்த தொடையெலும்புத் தலைப்பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கார்ல் குல்மான் என்ற பொறியாளர் அந்தச் சிம்புகளின் வளைவுகளைக் கவனித்தார். வளைந்த பளுதூக்கி இயந்திரத்தின் (கிரேன்) உள்ளே விசை பாயும் பாதைகளைக் காட்ட அவர் தாளில் வரையும் கோடுகளைப்போலவே அவை இருந்தன. சுமை எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் எலும்பு தன்னை அடுக்கிக்கொள்கிறது என்ற எண்ணத்தை ஜூலியஸ் வோல்ஃப் என்ற மருத்துவர் 1892-இல் ஒரு விதியாகவே எழுதினார். விதியின் நுணுக்கங்கள் பிறகு திருத்தப்பட்டன. மையக் கருத்து நிலைத்தது.

எலும்பே இல்லாத சட்டகங்கள்

இங்கே ஒரு பொதுச்சொல் தேவைப்படுகிறது. தசை இழுக்கும்போது நசுங்கிப் போகாமல் எதிர்த்து நிற்பது எதுவோ, அதைச் சட்டகம் என்போம். எலும்புக்கூடு சட்டகங்களில் ஒரு வகை மட்டுமே. இந்த இலக்கணத்தை ஏற்றுக்கொண்டால் "முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் சட்டகம் இல்லை" என்ற எண்ணம் தானாகவே விழுந்துவிடும்.

எதிர்த்து நிற்கும் பொருள் திடமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீரே போதும். நீரை நெருக்கிச் சிறிதாக்க முடியாது. ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் பிதுங்கத்தான் செய்யும். மண்புழுவின் உடல் திரவம் நிறைந்த வளையங்களின் வரிசை. அதைச் சுற்றி இரண்டு வகைத் தசைகள்: உடலைக் குறுக்காகச் சுற்றுபவை, நீளவாக்கில் ஓடுபவை. சுற்றுத் தசைகள் இறுகினால் வளையம் மெலிந்து நீண்டு முன்னே பாயும். நீளவாக்குத் தசைகள் இறுகினால் அது குறுகித் தடிக்கும். தடித்த பகுதி துளையின் சுவரைப் பிடித்துக்கொள்ள, பின்பகுதி இழுபட்டு வரும். உடலிலுள்ள சிறு முடிகள் பின்னோக்கி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும். இவ்வகை அமைப்புக்கு நீர்மச் சட்டகம் என்று பெயர். கடல் சாமந்தியும் இதே வகை.

நாக்கு இதன் இன்னொரு வடிவம். நாக்கின் உள்ளே எலும்பு கிடையாது. திரவப் பையும் கிடையாது. தசையிலேயே பெரும்பகுதி நீர் என்பதால் தசையே சட்டகமாகிவிடுகிறது. ஒரு திசையில் ஓடும் தசைகள் சுருங்கினால், கன அளவு மாற முடியாததால், நாக்கு வேறொரு திசையில் நீண்டாக வேண்டும். யானையின் துதிக்கையும் எண்காலியின் (ஆக்டோபஸ்) கைகளும் இந்த முறையில்தான் வளைந்து நெளிகின்றன. ஒரு மரத்தையே சாய்க்கும் துதிக்கைக்குள் ஓர் எலும்புகூட இல்லை.

அடுத்து, வெளியே இருக்கும் சட்டகம். பூச்சிகள், சிலந்திகள், நண்டுகள், இறால்கள் ஆகியவற்றுக்குக் கம்பம் உடலுக்கு வெளியே இருக்கிறது. இதைப் புறச்சட்டகம் என்கிறோம், நம்முடையது அகச்சட்டகம். புறச்சட்டகத்தின் அடிப்படைப் பொருள் கைட்டின் என்ற இழை. புரதங்களோடு பிணைந்து அது இறுகுகிறது; நண்டு போன்றவற்றில் கால்சியம் கார்பனேட்டும் சேர்ந்து இன்னும் கெட்டியாகிறது. தசைகள் உட்புறச் சுவரில் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து இழுக்கின்றன. மூட்டு இருக்கும் இடத்தில் ஓடு மெலிந்து வளையும் சவ்வாகிவிடும்.

இது சட்டகமாகவும் கவசமாகவும் ஒரே நேரத்தில் பயன்படுகிறது. சிறிய உடலுக்கு இதைவிடச் சிக்கனமான ஏற்பாடு இல்லை. கோளாறு வளர்ச்சியில்தான். உள்ளே உடல் பெருத்தாலும் ஓடு கூடவே பெருக்காது. ஆகவே அவ்வப்போது பழைய ஓட்டைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும், இதுவே தோலுரித்தல். அப்போது அடியில் தயாராக இருக்கும் புது ஓடு மிக மென்மையானது. உயிரி நீரையோ காற்றையோ உள்ளிழுத்து அதை விரித்துப் பெரிதாக்கும். பிறகு அது இறுகும். தோலுரித்த நண்டுக்குச் சில காலம் கெட்டியான கம்பமே இல்லை. அப்படியானால் எப்படி நகர்கிறது? உடலுக்குள் நீரை நிரப்பி அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது. ஓடு இறுகும்வரை மண்புழுவின் உத்தியை அது கடன் வாங்குகிறது.

சிலந்தி இரண்டு முறைகளையும் எப்போதுமே கலந்து வைத்திருக்கிறது. அதன் கால்களின் முக்கிய மூட்டுகள் சிலவற்றில் மடக்கும் தசை உண்டு, நீட்டும் தசை இல்லை. உடலிலிருந்து திரவத்தை அழுத்தத்தோடு கால்களுக்குள் செலுத்தித்தான் அவற்றை நீட்டுகிறது. செத்த சிலந்தியின் கால்கள் உள்நோக்கிச் சுருண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திரவ அழுத்தம் போய்விட்டதால் நீட்ட ஆளில்லாமல் மடங்கிக் கிடக்கின்றன.

நமது அகச்சட்டகத்துக்கு ஓட்டைக் கழற்றும் தொல்லை இல்லை. வளரும் பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைக்கு அருகே குருத்தெலும்பால் ஆன வளர்தட்டு இருக்கிறது. குருத்தெலும்பு பெருகிக்கொண்டே போக, அதன் பின்பகுதி எலும்பாக மாறிக்கொண்டே வரும். பருவ வயதின் முடிவில் தட்டு முழுவதும் எலும்பாகிவிட்டால் உயரம் நின்றுவிடும். பிறந்த குழந்தைக்கு எலும்புத் துண்டுகள் 300-ஐ நெருங்கி இருப்பதும் பிறகு 206 ஆவதும், எதுவும் மறைந்துவிட்டதால் அல்ல. பல துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்ததால்.

சுறாக்கள் பெரியவையானாலும் அவற்றின் சட்டகம் குருத்தெலும்பாகவே இருந்துவிடுகிறது. மேற்பரப்பில் மட்டும் கனிமச் சில்லுகள் பதிந்திருக்கும். 12 மீட்டருக்கும் மேல் வளரும் திமிங்கலச் சுறாவுக்கும் இதே ஏற்பாடு போதுமானதாக இருக்கிறது. நட்சத்திர மீனின் தோலுக்கு அடியில் கால்சியம் கார்பனேட் சில்லுகளாலான அகச்சட்டகம் உண்டு. ஆமையின் ஓடு அதன் மேலே ஏற்றிவைத்த பெட்டி அல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்பும் விரிந்து இணைந்து உருவானதே அது. ஓட்டை விட்டு ஆமை வெளியே வருவதாகக் கேலிச்சித்திரங்கள் வரைபவர்கள், தன் விலா எலும்புகளை விட்டு வெளியே வரும் மனிதனையும் வரையலாம்.

சுருக்கமாகச் சொன்னால், எதிர்த்து நிற்கும் பொருள் எலும்பாக, குருத்தெலும்பாக, ஓடாக, நீராக இருக்கலாம். இழுக்கும் தசை எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

பெரிதாவதில் உள்ள கணக்கு

எறும்பை யானை அளவுக்குப் பெரிதாக்கினால் ஊரையே தூக்கிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. நடக்கவே நடக்காது. கலிலியோ 1638-இல் வெளியிட்ட நூலிலேயே இதற்கு விடை இருக்கிறது.

ஒரு விலங்கை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்காக்கினால் அதன் எடை எட்டு மடங்காகும். எலும்பின் வலிமை அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. அதுவோ நான்கு மடங்குதான் ஆகும். ஆகவே எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் முன்பைவிட இரண்டு மடங்கு பாரம் விழும். பத்து மடங்கு பெரிதாக்கினால் பாரமும் பத்து மடங்கு. வடிவம் மாறாமல் பெரிதாகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எலும்பு முறிந்தாக வேண்டும். கலிலியோ தன் நூலில், ஒரு சிறு எலும்பையும், மூன்று மடங்கு நீளமாக்கியபோது அதே வேலையைச் செய்ய அது எவ்வளவு தடிக்க வேண்டும் என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டினார். பெரிய எலும்பு அலங்கோலமாகத் தடித்திருக்கும்.

பெரிய விலங்குகள் எலும்பைத் தடிப்பாக்குவதோடு நிற்பதில்லை, நிற்கும் விதத்தையும் மாற்றிக்கொள்கின்றன. எலி கால்களை மடக்கிப் பதுங்கியே ஓடும். யானை கால்களை ஏறக்குறைய நேராக நிறுத்தும். மடங்கிய காலைப் பிடித்து வைக்கத் தசை அதிகம் இழுக்க வேண்டும். நேரான காலுக்கு அது குறையும், எலும்பின்மீது வளைக்கும் விசையும் குறையும். தூண் உவமை ஓரளவுக்காவது பொருந்தும் இடம் யானையின் கால்தான். அதற்கு விலையும் உண்டு: யானை எவ்வளவு வேகமாகப் போனாலும் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுவதில்லை.

தண்ணீருக்குள் கணக்கு மாறிவிடுகிறது. எடையை நீரின் மிதப்பு விசை தாங்கிக்கொள்வதால் நீலத்திமிங்கலம் 100 டன்னைத் தாண்டி வளர முடிகிறது. கரை ஒதுங்கிய பெரிய திமிங்கலத்துக்கு அதன் எடையே பகை. சொந்த உடல் அழுத்தியே அது மூச்சுத் திணறும். புறச்சட்டகம் உள்ளவற்றிலும் இப்படித்தான். கடலில் வாழும் ஜப்பானியச் சிலந்தி நண்டு கால்களை விரித்தால் 3.5 மீட்டருக்கும் மேல் வரும். தரையில் வாழும் மூட்டுக்காலிகளில் மிகப் பெரியதான தென்னை நண்டு சுமார் 4 கிலோவோடு நின்றுவிடுகிறது. சட்டகம் மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அது முக்கியமான ஒன்று.

பறவைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல பறவைகளின் எலும்புகளுக்குள் காற்றறைகள் இருப்பது உண்மை. அதனால் அவற்றின் எலும்புக்கூடு மொத்தத்தில் மிக இலேசானது என்று முடிவு கட்டுவது சரியல்ல. உடல் எடையில் எலும்பின் பங்கைப் பார்த்தால், பறவைக்கும் அதே அளவுள்ள பாலூட்டிக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எலும்பின் சுவர் மெல்லியது, அந்தச் சுவரின் பொருள் அடர்த்தியானது. பறத்தலில் வரும் வளைப்புக்கும் முறுக்குக்கும் ஈடுகொடுக்க அந்த அடர்த்தி தேவைப்படுகிறது.

எலும்புக்கு உயிர் உண்டு

காய்ந்து வெளுத்த எலும்பையே பார்த்துப் பழகியதால், உடலுக்குள்ளும் அது அப்படியே கிடக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். உயிருள்ள எலும்பு ஈரமானது, இரத்தம் ஓடுவது, நரம்பு உள்ளது. அதில் மூன்று வகை உயிரணுக்கள் எப்போதும் வேலையில் இருக்கின்றன. எலும்பு அரிப்பணுக்கள் பழைய எலும்பைக் கரைக்கும். எலும்பாக்கும் அணுக்கள் புதிய எலும்பை இடும். எலும்புக்குள்ளேயே பதிந்து வாழும் எலும்பணுக்கள் எங்கே எவ்வளவு சுமை விழுகிறது என்பதை உணர்ந்து மற்ற இரண்டுக்கும் தகவல் அனுப்பும். வளர்ந்த மனிதரின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. முறிந்த எலும்பு தழும்பாக ஆறாமல் மறுபடியும் எலும்பாகவே கூடுவதும் இந்த அணுக்களின் தயவால்.

உடலில் உள்ள கால்சியத்தில் சுமார் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. மீதியுள்ள ஒரு சதவீதம் மிக முக்கியமானது: கால்சியம் இல்லாமல் எந்தத் தசையும் சுருங்காது, இதயம் உட்பட. இரத்தத்தில் அதன் அளவு சற்றுக் குறைந்தாலும், கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் ஒரு ஹார்மோனைச் சுரந்து எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கச் செய்யும். எலும்பு மெலிந்தாலும் பரவாயில்லை, தசை நிற்கக் கூடாது என்பதே உடலின் முன்னுரிமை.

கால்சியம் உண்டால் மட்டும் எலும்பு வலுத்துவிடாது. கால்சியம் கட்டுமானப் பொருள். எங்கே கட்டுவது என்ற உத்தரவு சுமையிலிருந்து வருகிறது. சிறு வயதிலிருந்தே டென்னிஸ் ஆடுபவர்களின் மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மறு கையைவிடத் தடித்திருக்கும். இரண்டு கைகளுக்கும் போனது ஒரே உணவுதான்.

இதன் மறுபக்கத்தை விண்வெளி வீரர்களிடம் பார்க்கலாம். எடையற்ற நிலையில் தகுந்த பயிற்சி இல்லாமல் இருந்தால், இடுப்புப் பகுதி எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. தரையில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் ஓராண்டில் ஏற்படும் இழப்புக்கு இது ஏறக்குறைய சமம். வீரர்கள் தொடக்கத்திலிருந்தே உடற்பயிற்சி செய்துதான் வந்தார்கள். ஆனால் பழைய கருவிகள் தந்த எதிர்ப்பு போதவில்லை, எலும்பு தேய்ந்துகொண்டே இருந்தது. 2008-இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட கருவி, வெற்றிட உருளைகளின் துணையோடு 250 கிலோவுக்கும் அதிகமான எடைக்குச் சமமான எதிர்ப்பைத் தருகிறது. அங்கே எடை என்பதே இல்லாததால் எலும்பைச் சுமை ஏற்க வைக்க ஒரு வழிதான் உண்டு: தசைகளை முழு பலத்தோடு இழுக்க வைப்பது. போதிய உணவோடும் வைட்டமின் டி-யோடும் சேர்த்து இந்தக் கருவியில் பயிற்சி செய்தவர்களிடம் எலும்பு இழப்பு வெகுவாகக் குறைந்தது.